கடைக்கு முன்னும் பின்னும்: கம்பம் பள்ளத்தாக்கில் ரேஷன் அரிசி

லோயர்கேம்ப்பில் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. 1895இல் கட்டி முடித்த அணையின் புண்ணியத்தில் பஞ்சத்தை மறந்த மண் இது. இந்தப் பள்ளத்தாக்கின் செய்திகளில் நெல் எவ்வளவு அடிபடுகிறதோ, அதே அளவுக்கு ரேஷன் அரிசியும் அடிபடுகிறது. விளைச்சலுக்காக அல்ல, கடத்தலுக்காக. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று கேரளத்துக்கு ஏறும் மூன்று மலைப்பாதைகளிலும் சோதனைச் சாவடிகள் உண்டு. ஜீப்பில் அரிசி மூட்டை, பேருந்து இருக்கைக்கு அடியில் அரிசிப்பை, இருசக்கர வண்டியில் இரண்டு பக்கமும் சாக்கு என்று தேனி மாவட்டச் செய்திப் பக்கத்தில் மாதம் தவறாமல் ஏதாவது வரும். உத்தமபாளையத்தில் இதற்கென்றே குடிமைப்பொருள் குற்றப் புலனாய்வுத் துறையின் அலுவலகம் இருக்கிறது. பறக்கும் படையும் உண்டு, 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டமும் உண்டு. அரிசி ஏறுவது நின்றபாடில்லை.

இதை எப்படித் தடுப்பது என்பதுதான் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி. அதற்கு முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த அரிசியை விற்பது யார், விற்ற காசில் அவர்கள் என்ன வாங்குகிறார்கள்? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. கடத்தலுக்கு நியாயம் கற்பிப்பது என் நோக்கமல்ல. ஆனால் அரசு தரும் உணவு உதவியை ஒரு குடும்பம் எப்படிச் சமையலறைச் சரக்காக மாற்றிக்கொள்கிறது என்பதை, மலையேறும் அரிசியை ஒதுக்கிவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது.

முதலில் அட்டையின் கணக்கு. நான்கு பேர் கொண்ட அரிசி அட்டைக் குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. தலைக்கு அரைக் கிலோ வீதம் 2 கிலோ சீனி, கிலோ 25 ரூபாய். துவரம் பருப்பு 1 கிலோ 30 ரூபாய், பாமாயில் 1 லிட்டர் 25 ரூபாய். எல்லாம் வாங்கினால் 105 ரூபாயில் முடிந்துவிடும். ஒரே ஆள் உள்ள அட்டைக்கும் 12 கிலோ அரிசி உண்டு. மிக வறிய குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைக்கு 35 கிலோ. வெளிச்சந்தையில் சுமாரான அரிசி கிலோ 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அரிசி ஒன்றில் மட்டும் குடும்பத்துக்கு 1,000 ரூபாய் மிச்சமாகிறது. திராட்சைத் தோட்டத்திலோ வாழைக்காட்டிலோ கூலிக்குப் போகும் வீட்டில் அந்த ஆயிரம்தான் மீனாகவும் முட்டையாகவும், பிள்ளைகளின் பேருந்துக் கட்டணமாகவும், சில வீடுகளில் வாரச் சீட்டுத் தவணையாகவும் மாறுகிறது. இலவச அரிசி என்றால் சோற்றை மட்டும் நினைக்கிறோம். வீட்டுக் கணக்கில் அதன் வேலை வேறு: கூலிக் காசை அரிசியிடமிருந்து விடுவித்து மளிகைக் கடைக்கு அனுப்புவது.

இந்த விலை ஒரே நாளில் வந்ததல்ல. இரண்டாம் உலக யுத்த காலத்தில் சென்னை மாகாணத்துக்கு ரேஷன் வந்தது. 1952இல் ராஜாஜி கட்டுப்பாட்டை நீக்கினார். 1960களின் தட்டுப்பாட்டில் அரிசி மறுபடி அரசியலாயிற்று. 1967இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் பிறந்தது. அப்புறம் நடந்தது இறங்குமுகப் போட்டி: 2006இல் கிலோ 2 ரூபாய், 2008 செப்டம்பரில் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் விலையே இல்லை. தேர்தல் விளம்பரம் என்று இதைக் கேலி செய்தவர்கள் நிறைய. ஓட்டுக்காகச் செய்த காரியம் ஒழுங்காக நடந்தால் அதில் என்ன குறை என்பது என் எண்ணம்.

அதைவிட முக்கியமான முடிவு ஒன்று சத்தமில்லாமல் எடுக்கப்பட்டது. 1997இல் மத்திய அரசு, வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஒரு விலை, மேலே இருப்பவர்களுக்கு வேறு விலை என்று பொது விநியோகத்தை இரண்டாகப் பிரித்தது. தமிழ்நாடு அந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. 2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் 2016 நவம்பர் முதல்தான் நடைமுறைப்படுத்தியது, அதுவும் எல்லோருக்கும் என்ற கொள்கையைக் கைவிடாமல். மாநிலத்தில் 364.7 லட்சம் பேர்தான் அந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வருகிறார்கள். மீதிப் பேருக்கான அரிசிச் செலவில் பெரும்பகுதியை மாநிலமே சுமக்கிறது. உணவு மானியத்துக்கென்று ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கப்படுகிறது.

எல்லைக்கு அந்தப் பக்கம் கதை வேறு மாதிரிப் போனது. தன் தேவையில் சிறு பங்கு அரிசியையே விளைவிக்கும் கேரளம், 1960களிலிருந்து எல்லோருக்கும் ரேஷன் என்பதில் இந்தியாவுக்கே முன்னோடி. 1997இன் பிரிவினைக்குப் பிறகு அங்கே கோட்டுக்கு மேலே நின்றவர்களின் விலை ஏறியது, ரேஷன் கடைக்கு வருவோரும் குறைந்தார்கள். இன்றும் மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம், வெள்ளை என்று அட்டையின் நிறத்துக்கேற்ப அளவும் விலையும் மாறுகின்றன. ஆக, கம்பத்தில் விலையே இல்லாத ஒரு பொருளுக்கு, மலையேறி இறங்கினால் விலை இருக்கிறது. கம்பம்மெட்டுப் பாதையில் நடப்பதெல்லாம் அந்த வித்தியாசத்தின் வேலைதான்.

அட்டை கையில் இருப்பது வேறு, பொருள் வீட்டுக்கு வந்து சேர்வது வேறு. இந்தப் பள்ளத்தாக்கின் கூலி வாழ்க்கை விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். கம்பம், கூடலூர், தேவாரம், போடி ஊர்களிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு இடுக்கி மலைக்குப் போகிற பெண்கள் இருட்டோடு ஜீப் ஏறுகிறார்கள்; இறங்கி வீடு சேரும்போது மறுபடி இருட்டத் தொடங்கியிருக்கும். ரேஷன் கடை திறப்பது காலை ஒன்பதுக்கு, மதியம் ஒரு மணி நேர இடைவெளி, மாலை ஆறுக்கு மூடல். ஒரு நாள் கூலியை விட்டால்தான் அரிசி வாங்கலாம் என்றால் இலவச அரிசிக்கும் ஒரு விலை வந்துவிடுகிறது. மாதத்தின் முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைத் திறந்து, அதற்கு ஈடாக முதல் இரண்டு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை விடும் ஏற்பாடு இங்கேதான் அர்த்தப்படுகிறது. கூலிக்காரர் வாழ்க்கையைத் தெரிந்த யாரோ யோசித்த விதி அது. ஆனால் அந்த ஞாயிறுகளில் அரிசி இருந்து பருப்பு வராமலிருந்தால், அல்லது இணைப்புக் கிடைக்காமல் பில் போடும் கருவி உறைந்து நின்றால், “அடுத்த வாரம் வாங்க” என்ற பதிலோடு திரும்ப வேண்டியதுதான்.

கருவியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2017 ஏப்ரலில் தாள் அட்டை போய் ஸ்மார்ட் கார்டு வந்தது. 2020 அக்டோபரில் கைரேகை வந்தது. போலி அட்டையையும் போலி பில்லையும் ஒழிக்க இவை உதவின; வாங்காத பொருளுக்குக் கைப்பேசியில் குறுஞ்செய்தி வந்தால் உடனே கேட்க முடிகிறது. ஆனால் ஏலக்காய் பறித்தும் களை வெட்டியும் தேய்ந்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? வயதானவர்களுக்கு இன்னும் மோசம். இந்தக் குறை தெரிந்துதான் பின்னர் கருவிழிப் பதிவும், வர முடியாதவருக்காக வேறொருவர் பொருள் வாங்கும் அங்கீகாரப் படிவமும் வந்தன. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில், வயது முதிர்ந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வண்டியே வீட்டு வாசலுக்கு வருகிறது. உழைப்பில் தேய்ந்த விரலை இயந்திரம் சந்தேகிக்கும்போது, நிரூபிக்கும் பொறுப்பு விரலுக்குரியவர் தலையில் விழுவது இன்னும் முழுக்க மாறிவிடவில்லை.

மலைக் கிராமங்களின் கஷ்டம் வேறு வகை. அகமலைப் பக்கத்து ஊர்கள் சிலவற்றுக்குத் தேர்தலின்போது வாக்குப்பதிவு இயந்திரமே குதிரை முதுகில்தான் போகும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு மாத அரிசிக்கும் கால்நடைச் சுமைக்கூலி உண்டு, அல்லது மனிதத் தலைச்சுமை உண்டு. பளியர் பழங்குடியினரின் குடியிருப்புகளும் இப்படித்தான். மாநிலத்தில் எந்தக் கடையிலும் பொருள் வாங்கலாம் என்ற வசதி, கீழே இறங்கி வந்தால்தான் பயன்படும்.

இனி, கசிவு. பொது விநியோகத்தைப் பற்றிய ஆய்வுகளில் இந்தச் சொல் ஓயாமல் வரும். கிடங்கிலிருந்து வெளியே போன அரிசி எவ்வளவு, வீடுகளில் வாங்கியதாகச் சொல்லும் அரிசி எவ்வளவு, இரண்டுக்கும் நடுவே காணாமல் போனது எவ்வளவு என்று அளப்பார்கள். பொருளாதார அறிஞர்கள் ஜான் டிரீஸும் ரீத்திகா கேராவும் இந்த முறையில் போட்ட கணக்குகளில் தமிழ்நாடு கசிவு குறைந்த மாநிலங்களின் வரிசையில் வருகிறது. 2011இல் அவர்கள் ஒருங்கிணைத்த ஒன்பது மாநில ஆய்விலும், தமிழ்நாட்டு அட்டைதாரர்கள் தங்களுக்குரிய அளவை ஏறக்குறைய முழுதாகப் பெற்றார்கள் என்றே தெரிந்தது. அப்படியானால் கம்பம்மெட்டில் பிடிபடும் மூட்டை எங்கிருந்து வந்தது?

இங்கேதான் இரண்டு கசிவுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று கடைக்கு முன்னால் நடப்பது. கிடங்கிலிருந்து கடைக்கு வரும் வழியிலோ, கடைக்குள் எடையிலோ, வராத அட்டைக்குப் பில் போட்டோ அரிசி திசைமாறுகிறது. இது ஏழையிடம் திருடுவது, வேறு பெயர் இதற்கு இல்லை. மற்றொன்று கடைக்குப் பின்னால் நடப்பது. குடும்பம் தனக்குரியதை முழுதாக வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. தேவையானதை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தெருவில் சைக்கிளிலோ மொபெட்டிலோ வரும் ஆளிடம் கிலோ சில ரூபாய்க்குப் போடுகிறது. அவரிடமிருந்து ஒரு வீட்டுக் கொட்டகை, அங்கிருந்து ஜீப், ஜீப்பிலிருந்து மலை. அளவீட்டு ஆய்வில் இந்த இரண்டாவது வகை பெரும்பாலும் தெரியவே தெரியாது. “வாங்கினோம்” என்று குடும்பம் சொல்வது உண்மைதானே. சட்டத்தின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பிடிபடும் மூட்டையில் எது எவ்வளவு என்று மூட்டையைப் பார்த்துச் சொல்லவும் முடியாது. ஆனால் கொள்கை வகுப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியக் கூடாது. முதலாவதற்குப் போலீஸ் வேண்டும். இரண்டாவது, குடும்பம் அரசுக்குச் சொல்லும் செய்தி.

என்ன செய்தி? ரேஷன் புழுங்கலரிசியைப் பல வீடுகள் மாவுக்குத்தான் வைத்திருக்கின்றன. இட்லிக்கும் தோசைக்கும் அது ஏற்றது, சோற்றுக்குக் கடையரிசி. நெல் விளையும் ஊரில் நாக்குக்கு ருசி தெரியும், அதைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு மாத மாவுக்கு எட்டுப் பத்துக் கிலோ போதும் என்றால் மீதி அரிசி என்ன ஆகும்? ஆடு மாட்டுக்கும் கோழிக்கும் கொஞ்சம் போகும். மீதி மொபெட்டில் போகும். வந்த காசில் உளுந்து வாங்க வேண்டும். 2007இல் சிறப்புப் பொது விநியோகத் திட்டம் வந்தபோது துவரையோடு உளுந்தும் இருந்தது. பின்னாளில் உளுந்து நின்றுவிட்டது. இட்லிக்கு அரிசியை இலவசமாகக் கொடுத்துவிட்டு உளுந்துக்கு வெளியே அனுப்பும் ஏற்பாட்டில், அந்த வீட்டுப் பெண் அரிசியின் ஒரு பகுதியை உளுந்தாக மாற்றிக்கொள்கிறார். நஷ்டத்துக்குத்தான். அரசுக்குக் கிலோவுக்குப் பத்துக்கணக்கான ரூபாய் செலவான பொருள் அவர் கைக்குச் சில ரூபாயாக வருகிறது, இடைவெளி முழுவதும் மலையேற்றுகிறவர் பைக்குப் போகிறது.

அப்படியானால் பொருளே வேண்டாம், பணமாகக் கொடுத்துவிடலாமே என்பார்கள் பொருளாதாரம் படித்தவர்கள். பதில் தேட வெகுதூரம் போக வேண்டாம். புதுச்சேரியில் 2015 செப்டம்பரில் அரிசியை நிறுத்தி வங்கிக் கணக்கில் பணம் போட ஆரம்பித்தார்கள். துணைநிலை ஆளுநர் மாளிகைக்கும் அமைச்சரவைக்கும் நடுவே இது பெரிய சண்டையாகி நீதிமன்றம் வரை போனது. ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்தன, ஊழியர்கள் சம்பளம் கேட்டுத் தெருவில் நின்றார்கள், கடைசியில் 2024 தீபாவளிக்கு முன்பாக அரிசி திரும்பி வந்தது. கடல் தாண்டினால் இலங்கை இன்னும் பழைய பாடம். அங்கே 1942இலிருந்து அரிசிப் பங்கீடு இருந்தது. 1953இல் அதன் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது எழுந்த ஹர்த்தாலில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலக நேர்ந்தது. 1979இல் ஜே.ஆர். ஜெயவர்தன ஆட்சி பங்கீட்டையே எடுத்துவிட்டு உணவு முத்திரை கொடுத்தது. முத்திரையின் ரூபாய் மதிப்பு நிலையாக நின்றது, விலைவாசி நிற்கவில்லை. சில ஆண்டுகளில் அதன் வாங்கும் சக்தி பாதியாகக் கரைந்துபோனது. கிலோவில் கொடுப்பது விலைவாசி ஏறினாலும் கிலோவாகவே இருக்கும். ரூபாயில் கொடுத்தால் அப்படி இருக்காது. 2011 ஆய்வில் கேட்டபோது மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்கள் பணத்தைவிட உணவே மேல் என்று சொன்னதில் வியப்பில்லை.

அமெரிக்கர்கள் நடுவழி ஒன்று கண்டார்கள். 1939இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் தொடங்கி, 1964இல் சட்டமாகி, இன்று ஸ்நாப் என்ற பெயரில் நடக்கும் திட்டம் அது. மாதாமாதம் ஓர் அட்டையில் தொகை ஏறும். அனுமதி பெற்ற எந்த மளிகைக் கடையிலும் உணவுப் பொருள் வாங்கலாம். அரிசியா ரொட்டியா என்பது குடும்பத்தின் விருப்பம். சோப்பு வாங்க முடியாது, கடையில் சுடச்சுடத் தயாரித்த சாப்பாடும் பொதுவாகக் கூடாது. தெரிவு இருக்கிறது, எல்லையும் இருக்கிறது. தமிழ்நாட்டில் உரிமை பெரிது, தெரிவு சிறிது. எங்கள் ஊர்க் கடைகளில் கேட்காமல் கையில் திணிக்கப்படும் உப்பும் டீத்தூளும் இதன் வேடிக்கையான மறுபக்கம்: வேண்டுவதைத் தேர்ந்தெடுக்க வழியில்லை, வேண்டாததை மறுக்கவும் சங்கடம்.

தோட்டத்திலேயே தங்கி வேலை செய்யும் குடும்பங்களின் நிலையும் இதில் சேரும். ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. இடுக்கியில் லயத்து வரிசை வீட்டில் இருக்கும் போடிக்காரர் அங்கேயே அரிசி வாங்கலாம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாநிலம் தாண்டிச் செல்லுபடியாவது மத்தியச் சட்டத்தின் கீழ் வரும் முன்னுரிமை அட்டையும் அந்தியோதயா அட்டையும் மட்டுமே, அதிலும் தானியம் மட்டுமே. முப்பது ரூபாய்ப் பருப்பும் இருபத்தைந்து ரூபாய்ப் பாமாயிலும் போடிமெட்டோடு நின்றுவிடும். ஆகவே மாதம் ஒருமுறை கீழே இறங்கி வந்து எல்லாவற்றையும் வாங்கி, அரிசியையும் தூக்கிக்கொண்டு மேலே போகிற குடும்பங்களும் உண்டு. தன் சொந்த வாய்க்கான அரிசியோடு சோதனைச் சாவடியைக் கடக்கும் அந்த மனிதர் கடத்தல்காரரா?

பருப்புக்கும் எண்ணெய்க்கும் வருவோம், ஏனென்றால் அட்டையின் உண்மையான பலவீனம் அங்கேதான். அரிசிக்கு நெல் கொள்முதல் நிலையம், நவீன அரிசி ஆலை, கிடங்கு, லாரி என்று ஒரு முழு இயந்திரம் மாநிலத்தின் கையில் இருக்கிறது. 2002இலிருந்து கொள்முதலையே மாநிலம் பரவலாக்கி நடத்துகிறது. துவரைக்கும் பாமாயிலுக்கும் டெண்டர்தான் கதி. 2024 கோடையில் டெண்டர் தாமதமானபோது மே மாதப் பருப்பையும் எண்ணெயையும் ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவிக்க வேண்டியிருந்தது. அரிசி ஒரு மாதம் கூடத் தவறவில்லை. மாவுச்சத்துக்குத் தட்டுப்பாடில்லை, புரதம் மட்டும் தவணையில். 2023 ஏப்ரல் முதல் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12ம் சேர்த்த செறிவூட்டப்பட்ட அரிசி எல்லாக் கடைகளுக்கும் வந்தது. சோகைக்கு மருந்தை அரிசியில் கலக்கிறோம். அந்த அரிசியின் ஒரு பங்கு மொபெட்டுக்கும் கோழிக்கும் போவதை யார் கணக்கில் எடுத்தார்கள்?

என் யோசனை இது: அரிசியில் ஒரு பகுதியைக் குடும்பம் தானாக விட்டுக்கொடுத்து, அதற்குப் பதில் கூடுதலாக ஒரு கிலோ பருப்போ உளுந்தோ கேழ்வரகோ அதே கடையில் அதே கருவியில் வாங்கிக்கொள்ளும் வசதி இருந்தால் மொபெட்காரரிடம் விற்க வேண்டிய தேவை பெருமளவு குறையும். இது புதுக் கற்பனையல்ல. அரிசிக்குப் பதில் கோதுமை வாங்கும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் சோதனைத் திட்டம் தொடங்கியது. ஆண்டிபட்டி, வருசநாட்டு மானாவாரிக் காடுகளில் கம்பும் சோளமும் குதிரைவாலியும் விதைத்த தலைமுறை இன்னும் இருக்கிறது. தேனி மாவட்டம் இந்தச் சோதனைக்குப் பொருத்தமான அடுத்த இடம். எதிர்வாதமும் வலுவானதுதான். இந்தியா துவரையையும் உளுந்தையும் இறக்குமதி செய்கிற நாடு. கேட்கிற எல்லோருக்கும் கூடுதல் கிலோ என்றால் டெண்டர் இன்னும் தடுமாறும், விலையும் ஏறும். மத்தியச் சட்டத்தின் கீழ் வரும் அரிசிக்கு மாற்றாகப் பருப்புக் கொடுக்க டெல்லியின் சம்மதமும் வேண்டும். ஆகவே தொடங்குவதானால் மாநிலம் தன் செலவில் கொடுக்கும் முன்னுரிமையற்ற அட்டைகளில்தான் தொடங்க முடியும். மாதம் 20 கிலோ வாங்கி அதில் பாதியைக் கூடத் தின்னாத வீடுகள் பெரும்பாலும் அந்த அட்டை வைத்திருப்பவையாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. உத்தமபாளையம் வட்டத்தில் நான்கைந்து கடைகளில் ஆறு மாதம் நடத்திப் பார்த்தால் கணிப்பு சரியா தவறா என்று கடையின் கருவியே சொல்லிவிடும்.